ஸ்கேட்டிங், நீச்சல், கோடை முகாம், மலையேற்றம்: சிறு பயிற்சி மையம் நடத்துவோர் காப்பீடு பற்றிக் கேட்கும் கேள்விகள்

ஈரோட்டில் பொதுக் காப்பீட்டு முகவராக இருக்கிறேன். முன்பெல்லாம் லாரி, தறிப்பட்டறை, ஜவுளிக்கடை என்றுதான் என் பொழுது போகும். இப்போது முழு ஆண்டுத் தேர்வு முடிகிற நேரத்தில் வேறு வகை போன்கள் வருகின்றன. மொட்டை மாடியில் சிலம்பம் சொல்லிக்கொடுப்பவர், அபார்ட்மென்ட் குளத்தில் நீச்சல் பழக்குபவர், வாடகை இடத்தில் கோடை முகாம் போடுபவர். எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் இங்கே எழுதி வைக்கிறேன்.

என்னிடம் இருப்பது 25 பிள்ளைகள். இதற்கெல்லாம் காப்பீடு தேவையா?

உங்கள் மையம் சின்னது என்பதற்காக ஒரு பிள்ளைக்கு உடையும் எலும்பு சின்னதாகிவிடாது. பணம் வாங்கிக்கொண்டு பிள்ளையை உங்கள் பார்வையில் விட்டுக்கொண்டால், நியாயமான கவனத்தோடு பார்த்துக்கொள்ளும் கடமை உங்களுக்கு வந்துவிடுகிறது. பஞ்சாபில் 1995-ல் ஒரு பள்ளியிலிருந்து பியாஸ் ஆற்றுக்குச் சுற்றுலா கூட்டிப் போனார்கள். 14 பிள்ளைகள் ஆற்றில் மூழ்கி இறந்தார்கள். கூடப் போன ஆசிரியர்களின் கவனக்குறைவுக்குப் பள்ளி நிர்வாகமே பொறுப்பு என்று சொல்லி, ஒவ்வொரு குடும்பத்துக்கும் 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்ன தீர்ப்பை 2001-ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. தண்ணீருக்கு அருகில் நின்றது ஆசிரியர்கள், பணம் கட்ட வேண்டியிருந்தது நிர்வாகம். உங்கள் கோச் தப்பு செய்தாலும் கணக்கு இப்படித்தான் போகும்.

இன்னொன்று. உங்களில் முக்கால்வாசிப் பேர் தனி உரிமையாளர்கள். மையத்துக்கு என்று ஒரு சொத்து, உங்களுக்கு என்று ஒரு சொத்து எனச் சட்டத்தில் பிரிவு கிடையாது. மையத்தின் மேல் வரும் தீர்ப்பு உங்கள் வீட்டு வாசல் வரை வரும்.

சேர்க்கைப் படிவத்தில் "விபத்து நேர்ந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல" என்று பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிவிட்டேன். போதாதா?

என்னிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். போதாது.

18 வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் நம் நாட்டில் செல்லாது. 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 11-வது பிரிவும், 1903-ல் அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் சொன்ன தீர்ப்பும் அதைத்தான் சொல்கின்றன. ஆகவே 15 வயதுப் பையனிடம் வாங்கிய கையெழுத்துக்கு மதிப்பே இல்லை. அப்பா கையெழுத்துப் போட்டிருந்தாலும், தனக்கு ஏற்பட்ட காயத்துக்கு இழப்பீடு கேட்கும் உரிமை பிள்ளையுடையது. அதை அப்பா எழுதிக் கொடுத்துவிட முடியுமா என்று எதிர்த்தரப்பு வக்கீல் முதல் நாளே கேட்பார். பொது நலனுக்கு விரோதமான ஒப்பந்தம் செல்லாது என்று அதே சட்டத்தின் 23-வது பிரிவு சொல்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் "நியாயமற்ற ஒப்பந்தம்" என்று தனியாகவே ஒரு வகை வைத்திருக்கிறது. கவனக்குறைவால் உயிர் போனால் போலீஸ் வழக்கு தனி. அதை எந்தப் படிவமும் தடுக்காது.

அதற்காகப் படிவத்தைக் கிழித்துப் போட வேண்டாம். அதற்கு வேறு வேலை இருக்கிறது. சென்ற கோடையில் ஒரு வாடிக்கையாளரின் படிவத்தைப் பார்த்தேன். மேல்பாதி முழுக்க "பொறுப்பல்ல, பொறுப்பல்ல". கீழே, ரத்த வகைக்கு மட்டும் ஒரு கோடு. எல்லாவற்றையும் அடிக்கச் சொல்லிவிட்டு இப்படி மாற்றினோம்: பிள்ளைக்கு வீசிங் உண்டா, இன்ஹேலர் பையில் இருக்கிறதா, வலிப்பு எப்போதாவது வந்ததுண்டா, எந்த மாத்திரை, எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, கழுத்தளவு தண்ணீரில் நிற்கப் பழக்கம் உண்டா, அப்பா அம்மா இருவரும் போன் எடுக்காவிட்டால் யாரைக் கூப்பிடுவது, அவசரத்துக்கு எந்த மருத்துவமனை. அதற்குக் கீழே, முகாமில் என்னென்ன செய்யப்போகிறோம், அதில் என்ன அடிபடலாம் என்று தமிழிலேயே நாலு வரி. இந்தத் தாள் நீதிமன்றத்தில் உங்களுக்காகப் பேசும். கேட்டுத் தெரிந்துகொண்டீர்கள், சொல்ல வேண்டியதைச் சொன்னீர்கள் என்பதற்கு அது சாட்சி.

சரி, எந்தப் பாலிசி எடுப்பது?

ஒரே பாலிசி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேட்டிங் தளத்தில் சிமென்ட் பெயர்ந்து விரலளவு பள்ளம். ஒரு சிறுமியின் சக்கரம் அதில் மாட்டுகிறது. அவளைப் பிடிக்கப் பாய்ந்த கோச்சும் விழுகிறார். சிறுமிக்கு மணிக்கட்டு முறிவு, கோச்சுக்கு முழங்கால்.

பள்ளத்தைச் சரிசெய்யாதது உங்கள் தப்பு என்று சிறுமியின் பெற்றோர் இழப்பீடு கேட்டால் அதற்கு வருவது பப்ளிக் லயபிலிட்டி, அதாவது பொதுப் பொறுப்புக் காப்பீடு. வழக்குச் செலவும் அதில் அடங்கும். யார் தப்பு என்ற பேச்சே இல்லாமல், சேர்ந்த பிள்ளைகள் எல்லோர் பெயரிலும் எடுப்பது குரூப் தனிநபர் விபத்துக் காப்பீடு. மரணம், நிரந்தர ஊனம் இரண்டும்தான் அதன் அடிப்படை. ஆஸ்பத்திரிச் செலவு வேண்டுமென்றால் அதைத் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். மணிக்கட்டு முறிவுக்கு நடைமுறையில் உதவுவது இந்தச் சேர்ப்புத்தான், ஆனால் பலரும் விடுவதும் இதைத்தான். கோச்சின் முழங்காலுக்கு ஊழியர் இழப்பீட்டுக் காப்பீடு. எங்கள் தொழிலில் இன்னமும் 'வொர்க்மென்ஸ் காம்பன்சேஷன்' என்ற பழைய பெயரைச் சுருக்கி டபிள்யூ.சி. பாலிசி என்றுதான் சொல்கிறோம்.

நான் பார்த்தவரை பணம் குறைவாக இருப்பவர்கள் குரூப் விபத்துப் பாலிசியை மருத்துவச் செலவுச் சேர்ப்போடு முதலில் எடுப்பது நல்லது. ஆஸ்பத்திரி பில்லை யாரோ கட்டிவிட்டால் பெரும்பாலான பெற்றோர் வக்கீலைத் தேடிப் போவதில்லை.

"பப்ளிக் லயபிலிட்டி" என்று கேட்டால், ரசாயனத் தொழிற்சாலைக்கானது என்கிறார்களே?

பெயர்க் குழப்பம். போபால் விஷவாயுக் கசிவுக்குப் பிறகு 1991-ல் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. அது அபாயகரமான பொருள்களைக் கையாளும் நிறுவனங்களுக்குக் கட்டாயம். உங்களுக்கு வேண்டியது அதுவல்ல. "தொழிற்சாலை அல்லாத இடங்களுக்கான பப்ளிக் லயபிலிட்டி" என்று சேர்த்துக் கேளுங்கள்.

அந்தப் பாலிசியில் 1:1, 1:2 என்று போட்டிருக்கிறதே, அது என்ன?

ஒரு விபத்துக்கு எவ்வளவு, ஆண்டு முழுவதற்கும் எவ்வளவு என்ற விகிதம். 10 லட்சம், 1:2 என்றால் ஒரு விபத்துக்கு 10 லட்சம் வரை, ஆண்டில் மொத்தம் 20 லட்சம் வரை. 1:1 எடுத்தால் ஜூன் மாதம் ஒரு பெரிய கிளெய்ம் வந்தாலே ஆண்டு மீதிக்கும் கை காலி. ஒரே நேரத்தில் பல பிள்ளைகள் ஒரே தண்ணீரில் நிற்கும் நீச்சல் பயிற்சிக்கு ஒரு விபத்துத் தொகையைக் கூட்டிப் போடுவதுதான் சரி.

இந்த வகைப் பாலிசிகளில் பல, கிளெய்ம் எழுப்பப்படும் நாளைப் பார்ப்பவை. விபத்து நடந்தபோது பாலிசி இருந்து, நோட்டீஸ் வரும்போது இல்லாவிட்டால் சிக்கல். ஆகவே கோடை முகாம் முடிந்ததும் "இனி எதற்கு" என்று விட்டுவிடாமல் இடைவெளி இல்லாமல் புதுப்பியுங்கள். பழைய பாலிசி எந்தத் தேதியிலிருந்து தொடர்கிறது என்பது புதிய பாலிசியில் அச்சாகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

புரபோசல் ஃபார்மில், அதாவது பாலிசிக்கான விண்ணப்பத்தில், என்ன எழுதுவது? ஏஜென்ட்டே நிரப்பிக்கொள்வார் அல்லவா?

நிரப்புவோம். அதில்தான் வினை. என் கதையையே சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் நடன வகுப்பு நடத்தும் ஒரு அக்காவுக்குப் பாலிசி போட்டுக்கொடுத்தேன். தொழில் விவரம் என்ற கட்டத்தில் "நடனப் பயிற்சி" என்று நானே எழுதினேன், அவர் கையெழுத்துப் போட்டார். மே மாதம் அவர் பத்து நாள் முகாம் போட்டார். பிள்ளைகளை ஈர்க்க ஒரு ட்ராம்போலின் வாடகைக்கு எடுத்தார். எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான்கு பிள்ளைகள் ஒன்றாகக் குதித்ததில் ஒருத்திக்கு முழங்கை முறிந்து கம்பி வைத்தார்கள். நிறுவனம் ஒரே வரியில் பதில் அனுப்பியது: இந்தச் செயல்பாடு அறிவிக்கப்படவில்லை. அக்கா தன் நகையை வைத்துப் பணம் கட்டினார். என்னிடம் கோபப்படக்கூட இல்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அன்றிலிருந்து ஃபார்ம் நிரப்பும் முன் ஒரு நாள் நேரில் போய் உட்கார்ந்து பார்க்கிறேன். நீங்களும் ஒரு வெள்ளைத் தாளில் எழுதுங்கள். காலை முதல் மாலை வரை பிள்ளைகள் என்னென்ன செய்கிறார்கள்? எந்த உயரத்தில் ஏறுகிறார்கள்? தண்ணீர் உண்டா? நெருப்பு உண்டா, கேம்ப் ஃபயர் கூட நெருப்புத்தான். வெளியே கூட்டிப் போவீர்களா? வயது என்ன? ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர்? அந்தத் தாளை அப்படியே ஃபார்மோடு இணைத்து, நகலில் அலுவலக முத்திரை வாங்குங்கள். நடுவில் புதிதாக ஒன்றைச் சேர்த்தால் என்டார்ஸ்மென்ட், அதாவது அதைப் பாலிசியில் எழுத்தில் சேர்த்துத் தரும்படி கேளுங்கள். பிரீமியம் ஏறலாம், ஏறட்டும்.

சாகச விளையாட்டு என்றால் எந்தக் காப்பீடும் தராது என்கிறார்களே?

பாதி உண்மை. மருத்துவக் காப்பீட்டுக்குக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொது விலக்குகளில், பாறை ஏற்றம், மலையேற்றம், ராஃப்டிங், ஸ்கூபா போன்றவற்றில் "தொழில்முறையாக" ஈடுபட்டு அடிபட்டால் செலவு கிடையாது என்று இருக்கிறது. அந்த ஒரு சொல்லைக் கவனியுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆசைக்கு ஏறுபவருக்கு அந்த விலக்கு பொருந்தாது. சம்பளத்துக்கு ஏற்றிவிடும் உங்கள் பயிற்சியாளரை அது பிடித்துக்கொள்ளும். அதாவது பிள்ளையின் குடும்ப மெடிக்ளைம் பில்லைக் கட்டலாம், கோச்சின் சொந்த மெடிக்ளைம் கைவிரிக்கலாம்.

தனிநபர் விபத்துப் பாலிசிகளிலும் லயபிலிட்டி பாலிசிகளிலும் வாசகம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சிலவற்றில் தொழில்முறை, பொழுதுபோக்கு என்ற வித்தியாசமே இல்லாமல் மொத்தமாக விலக்கியிருப்பார்கள். விலக்குகள் பக்கத்தை மட்டுமாவது பணம் கட்டுவதற்கு முன் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள்.

மாணவர்களை மலையேற்றத்துக்குக் கூட்டிப் போகிறேன். அதற்கும் இதே பாலிசி போதுமா?

முதலில் அனுமதி, அப்புறம் பாலிசி. 2018 மார்ச் 11 குரங்கணியை எங்கள் ஊரில் யாரும் மறக்கவில்லை. சென்னையிலிருந்து ஒரு குழு, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து இன்னொரு குழு. காட்டுத்தீயில் 23 பேர் இறந்தார்கள். அவர்கள் போன பாதைக்கு அனுமதி இல்லை என்று வனத்துறை சொன்னது. ஏற்பாடு செய்தவர்கள் மேல் வழக்கும் கைதும் வந்தன. அதே ஆண்டு தமிழ்நாடு அரசு காட்டுப் பகுதி மலையேற்றத்துக்கு விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகளுக்கு ஆன்லைனில் பதிவுசெய்யலாம்.

அனுமதி இல்லாத பாதையில் கூட்டிப் போய் விபத்து நடந்தால், சட்டத்துக்குப் புறம்பான செயல் என்று சொல்லி நிறுவனம் கிளெய்மை மறுக்க நீங்களே வழி திறந்து கொடுத்ததாக ஆகும்.

கோச்சுகள் எல்லாம் ஃப்ரீலான்ஸ். என் ஊழியர் இல்லை. டபிள்யூ.சி. பாலிசி எதற்கு?

நேரத்தை நீங்கள் வைக்கிறீர்கள், சட்டையில் உங்கள் மையத்தின் பெயர், மாதம் பிறந்தால் பணம் நீங்கள் கொடுக்கிறீர்கள். இப்படி இருந்தால் ஃப்ரீலான்ஸ் என்று எழுதி வைத்திருப்பதை எந்த அதிகாரியும் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டார்.

தொகை எவ்வளவு என்று தெரிந்தால் யோசிப்பீர்கள். 1923-ம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் முறை 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. பழைய அட்டவணைப்படி, 15,000 ரூபாய் சம்பள உச்சவரம்பை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 வயது கோச் வேலையில் இறந்தால் சம்பளத்தில் பாதி 7,500, அதை அந்த வயதுக்கு அட்டவணையில் உள்ள எண்ணான 207.98-ஆல் பெருக்க 15,59,850 ரூபாய். முழு நிரந்தர ஊனம் என்றால் 60 சதவீதம், 18,71,820 ரூபாய். உங்கள் தப்பு இருந்ததா என்பதுகூட இங்கே முக்கியமில்லை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலைக்கு வைத்திருந்தால் இ.எஸ்.ஐ. பற்றி உங்கள் ஆடிட்டரிடம் பேசுங்கள்.

கோச்சின் சான்றிதழை வாங்கி ஃபைலில் போடுவதோடு நிறுத்தாமல், கொடுத்த அமைப்புக்குப் போன் போட்டு உறுதிசெய்யுங்கள். 2018 ஜூலையில் கோவை அருகே ஒரு கல்லூரியில் பேரிடர் மேலாண்மைப் பயிற்சி என்று சொல்லி இரண்டாம் மாடியிலிருந்து குதிக்க வைத்ததில் 19 வயது மாணவி இறந்தார். பயிற்சி கொடுத்தவரின் தகுதியே பொய் என்று பிறகு தெரியவந்தது.

பிள்ளைகளிடம் யாராவது தவறாக நடந்துகொண்டால் அது காப்பீட்டு விஷயமே இல்லை. போக்சோ சட்டப்படி போலீஸுக்குச் சொல்ல வேண்டும். மையத்தின் பொறுப்பாளர் மறைத்தால் அவருக்கே சிறைத் தண்டனை உண்டு.

அபார்ட்மென்ட் குளத்தில் வகுப்பு எடுக்கிறேன். அங்கே நடப்பதற்குச் சங்கம்தானே பொறுப்பு?

இருவர் மேலும் வழக்கு வரும். ஆழம் எழுதாத பலகை, கழன்ற ஏணி சங்கத்தின் பக்கம். பிள்ளையை ஆழத்துக்குப் போகவிட்டது உங்கள் பக்கம். வாடகை ஒப்பந்தத்தில் "எது நடந்தாலும் பயிற்சியாளரே முழுப் பொறுப்பு" என்று ஒரு வரி இருக்கும், தேடிப் பாருங்கள். ஒப்பந்தத்தில் நீங்களாக ஏற்றுக்கொண்ட கூடுதல் பொறுப்பைப் பெரும்பாலான லயபிலிட்டி பாலிசிகள் தருவதில்லை. "பயிற்சியாளரின் கவனக்குறைவால் ஏற்படுவதற்கு மட்டும்" என்று திருத்தச் சொல்லுங்கள்.

பிள்ளைகளை என் காரிலேயே கூட்டிப் போகலாமா?

காசு வாங்கிக்கொண்டு சொந்த உபயோகக் காரில் ஏற்றினால் மோட்டார் பாலிசியில் சண்டை வரும். மஞ்சள் போர்டு வண்டி பிடியுங்கள்.

விபத்து நடந்துவிட்டது. முதலில் என்ன செய்வது?

பிள்ளையைப் பாருங்கள். முதலுதவி, தேவைப்பட்டால் 108. பெற்றோருக்கு நீங்களே பேசுங்கள், உதவியாளரை விட்டுப் பேச வைக்காதீர்கள். மற்ற பிள்ளைகளை அந்த இடத்திலிருந்து நகர்த்துங்கள், ஆனால் இடத்தைக் கழுவி விடாதீர்கள். போட்டோ எடுங்கள்: தரை, கயிறு, ஹெல்மெட், காலணி எல்லாம்.

மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் ஏற்றுவார்கள். ஏ.ஆர். காப்பி என்பார்கள். "எப்படி அடிபட்டது" என்ற வரியில் என்ன எழுதுகிறார்கள் என்று கூடவே நின்று பாருங்கள். கூட வந்த சித்தப்பா பதற்றத்தில் "மாடியிலிருந்து விழுந்துட்டான்" என்று சொல்லி அது பதிவாகிவிட்டால், உண்மையில் விழுந்தது மூன்றடிச் சுவரிலிருந்துதான் என்று பிறகு நிரூபிக்க அலைய வேண்டும்.

அன்று இரவே ஒரு நோட்டில் எழுதுங்கள்: நேரம், எத்தனை பேர் இருந்தார்கள், யார் பார்த்தார்கள், கோச் எங்கே நின்றார். நடந்ததை மட்டும். "நம்ம தப்புதான்", "எல்லாச் செலவும் நான் பார்த்துக்கறேன்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். நிறுவனத்தின் சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொண்டால் கிளெய்ம் போகலாம் என்று பாலிசியிலேயே இருக்கிறது. இதற்காகக் கல்லாக இருக்கச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போங்கள், கூட உட்காருங்கள், பழம் வாங்கிக்கொண்டு போங்கள். பொறுப்பு யாருடையது என்ற பேச்சை மட்டும் தள்ளி வையுங்கள்.

நிறுவனத்துக்கு 24 மணி நேரத்துக்குள் மின்னஞ்சல். போனில் சொன்னது கணக்கில் வராது. சிசிடிவி இருந்தால் அன்றே பென்டிரைவில் எடுங்கள்; சில வாரங்களில் மேலெழுதப்பட்டுவிடும். வக்கீல் நோட்டீஸ் வந்தால் பதில் எழுதாமல் முதலில் நிறுவனத்துக்கு அனுப்புங்கள்.

இந்த நோட்டை எத்தனை வருடம் வைத்திருப்பது?

நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்ய இரண்டு ஆண்டு. சிவில் வழக்கில் பிள்ளைகளுக்குச் சலுகை உண்டு; அவர்களுக்குக் காலக்கெடு 18 வயது முடிந்த பிறகே ஓடத் தொடங்கும். எட்டு வயதில் விழுந்தவன் 21 வயது வரை வழக்குப் போடலாம். கணக்கு உங்களுக்கே புரியும், பரணில் ஒரு டிரங்குப் பெட்டி ஒதுக்குங்கள்.

போலீஸ் வழக்கு, அபராதம் இதையெல்லாம் பாலிசி கட்டுமா?

கட்டாது. கவனக்குறைவால் மரணம் என்றால் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவில் ஐந்தாண்டு வரை சிறை. அந்த இடத்தில் உங்களுக்கு உதவுவது பராமரிப்புப் பதிவேடும் கோச்சின் சான்றிதழும்தான்.

பிரீமியம் எவ்வளவு ஆகும்?

உங்கள் செயல்பாடுகளை எழுதிய அந்த வெள்ளைத் தாளைப் பார்க்காமல் சொன்னால் பொய் சொன்னதாகும். என்ன செயல்பாடு, எத்தனை பேர், எவ்வளவு தொகை, முன்பு கிளெய்ம் உண்டா என்பதைப் பொறுத்தது. அதன் மேல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் வரிவிலக்கு வந்தது தனிநபர் ஆயுள், மருத்துவப் பாலிசிகளுக்குத்தான், இவற்றுக்கு இல்லை. பணம் நிறுவனத்துக்குப் போய்ச் சேராமல் காப்பு தொடங்காது. "நாளைக்கு முகாம், செக் அடுத்த வாரம்" என்பது நடக்காத காரியம்.

கிளெய்மை மறுத்துவிட்டார்கள். என்ன செய்யலாம்?

மறுப்பை எழுத்தில் வாங்குங்கள், எந்த விதி என்று குறிப்பிட்டு. முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் புகார்த் தளமான 'பீமா பரோசா'விலும் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் ஒத்துவராவிட்டாலும் சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) ஓராண்டுக்குள் போகலாம். 50 லட்சம் வரை விசாரிப்பார், கட்டணமில்லை, வக்கீலும் வேண்டாம். தனி உரிமையாளர்களும் குறு நிறுவனங்களும் அங்கே போகலாம் என்பது பல ஏஜென்ட்டுகளுக்கே தெரியாது. போகும்போது முத்திரை வாங்கி வைத்த அந்த வெள்ளைத் தாளின் நகலை மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள்.